குழல்விளக்குப் பொருத்தக் குழுவும் என் மச்சானின் கண்களும்

விளக்கு எரிவதில் ஒரு நாட்டுக்கு எந்தப் பெருமையும் இல்லை. சுவிட்சைத் தட்டினால் எந்த நாட்டிலும் விளக்கு எரிந்துவிடும். எரியாத ஒரு விளக்கை நடுவில் வைத்துக்கொண்டு, அது ஏன் எரியவில்லை என்று கடல் தாண்டிப் போய் விசாரித்துவிட்டு வருகிற நெஞ்சுரம் எந்தச் சமுதாயத்துக்கு இருக்கிறதோ, அதுதான் நாகரிகமடைந்த சமுதாயம். அந்த வகையில் எங்கள் போக்குவரத்துக் கழகம் நாகரிகத்தின் உச்சாணிக் கொம்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். அடக்கம் என்னுடையது. கொம்பு கழகத்துடையது.

நான் 'சர்வதேசக் குழல்விளக்குப் பொருத்த ஆய்வுக் குழு'வின் செயலாளர். குழல்விளக்கு என்றதும் பயந்துவிட வேண்டாம்; நீங்கள் டியூப்லைட் என்று சொல்வதுதான். வீட்டுக் கூரையில் இருக்கும்வரை அது டியூப்லைட். குழுவின் மேசைக்கு வந்துவிட்டால் குழல்விளக்கு. குழு அமைப்பது என்று முடிவான கூட்டத்தில் நான் கதவோரம் உட்கார்ந்திருந்தேன். கதவைச் சாத்தச் சொன்னார்கள், சாத்தினேன். ஏன் சாத்த வேண்டும் என்று நான் கேட்காததைக் கவனித்து, அப்போதே என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள்.

எல்லாம் எங்கள் இயக்குநரின் தொலைநோக்கில் தொடங்கியது. அவர் ஒருமுறை குளிர் நாடு ஒன்றுக்குப் பேருந்துகளைப் பார்வையிடப் போனார். அங்கேயும் பேருந்துகள் சக்கரத்தில்தான் ஓடின என்பதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். மனம் வெறுத்து அண்ணாந்தவர் பணிமனையின் கூரையைப் பார்த்தார். அங்கே ஐந்தடி நீளத்தில் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. நம் நாட்டில் எல்லாம் நாலடிதான்.

"ஒரு அடி பின்தங்கி இருக்கோமேய்யா" என்று அவர் நின்ற இடத்திலேயே கலங்கிவிட்டதாகக் கூடப் போயிருந்த கணக்கு அதிகாரி இன்றும் தழுதழுத்துச் சொல்வார். திரும்பும்போது இயக்குநர் அந்த நாட்டு ஃபிட்டிங் ஒன்றையும், அதற்கான ஐந்தடி டியூப் ஒன்றையும் மடியில் வைத்தே கொண்டுவந்து சேர்த்தார்.

அதை மாட்டுவதற்குத் தலைமைப் பணிமனையில் ஓர் அறை தேர்வானது. டிரைவர்களுக்குக் கண் பரிசோதனை நடக்கும் அறை. தரைத்தளத்தில், பேருந்துகள் நிற்கும் முற்றத்தைப் பார்த்தபடி இருந்தது. பார்த்தபடி என்றால், அதில் ஒரு ஜன்னல் இருந்தது. வெளியிலிருந்து வருகிற வெளிச்சம் பரிசோதனையின் 'தூய்மையை'க் கெடுக்கும் என்று இயக்குநர் சொன்னதால் ஜன்னலைக் கழற்றிச் செங்கல் வைத்து அடைத்தோம். பழைய நாலடி ஃபிட்டிங்கைக் காயலான் கடைக்கு அனுப்பினோம். படிக்க வேண்டிய எழுத்து அட்டையைக்கூட யாரும் தூக்கிக்கொண்டு போகாதபடி, சுவரிலேயே பெயின்ட்டால் எழுதிவிட்டோம். மேலே பெரிதாக ஒரு 'ட'. கீழே போகப் போகப் பொடிப்பொடியாக மற்ற எழுத்துகள். அப்போது பதவியில் இருந்த ஒரு பெரிய மனிதர் வந்து சுவிட்சைத் தட்டினார். 'உலகத் தரக் கண் பரிசோதனை அறை' என்று பளிங்குக் கல் பதித்தோம்.

விளக்கு பிரமாதமாக எரிந்தது. பிறகு ஒருநாள் இரண்டு முனையும் கறுத்து, நாலைந்து முறை கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தது.

எலெக்ட்ரீஷியன் கடையிலிருந்து புது டியூப் வாங்கிவந்து ஏணியில் ஏறினார். கொஞ்ச நேரத்தில் இறங்கி இயக்குநரின் அறைக்கு வந்தார்.

"சார், ஒரு பக்கம் மாட்டினா இன்னொரு பக்கம் எட்ட மாட்டேங்குது."

"எவ்வளவு குறையுது?"

"ஒரு அடி."

"இழுத்துப் பார்த்தியா?"

"கண்ணாடி சார் அது."

"இழுக்காமலே சொல்லாதே" என்றார் இயக்குநர். முயற்சி செய்யாமல் தோல்வியை ஒப்புக்கொள்வது அவருக்குப் பிடிக்காது.

பேசாமல் ஒரு நாலடி ஃபிட்டிங்கையே வாங்கி மாட்டிவிடலாமே என்று நான் வாய்தவறிக் கேட்டுவிட்டேன். எலெக்ட்ரீஷியன் கையெடுத்துக் கும்பிட்டார். "அதை நான் கழட்ட மாட்டேன் சார். பெரியவர் திறந்துவெச்ச பொருள். திறந்துவெச்சவரு வந்து சொன்னாத்தான் தொடுவேன். நாளைக்கு ஏதாவதுன்னா என் தலையிலதான் விடியும்."

திறந்துவைத்தவர் அதற்குள் பதவி இழந்து, வந்து சொல்லக்கூடிய இடத்தில் இல்லை. ஆகவே குழு அமைக்கப்பட்டது. இயக்குநர் தலைவர். கணக்கு அதிகாரி, சட்ட அதிகாரி, கண் டாக்டர் ஆகியோர் உறுப்பினர்கள். கண் டாக்டர் முதலில் "இருட்டில எப்படிங்க டெஸ்ட் பண்றது?" என்று முணுமுணுத்தார். உறுப்பினர் ஆக்கியதும் முணுமுணுப்பு நின்றது.

குழுவின் உழைப்பைப் பற்றிச் சொல்ல ஒரு வாய் போதாது. எந்த நாட்டு விளக்கு எந்த நாட்டு ஃபிட்டிங்கில் பொருந்தும் என்ற கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு நாடு நாடாக அலைந்தோம். தீவு நாடு ஒன்றுக்குப் போனோம். அங்கே சின்ன டியூப் நம் ஊர்ச் சின்ன டியூபைவிட ஒரு விரற்கடை குட்டை. பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. பெரிய நாடு ஒன்றுக்குப் போனோம். அங்கே டியூப் நம்முடையதைப் போலவே நாலடி, முனையில் நீட்டிக்கொண்டிருக்கிற இரண்டு பின்னுக்கும் நடுவே அதே இடைவெளி. எங்களுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஆனால் அந்த நாட்டு மின்சாரத்தின் அழுத்தம் நம்முடையதில் பாதி. இன்னொரு நாட்டில் டியூப் விரல் பருமன்தான். இரண்டு பின்னும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றன.

ஒவ்வொரு பயணத்திலும் அந்தந்த நாட்டு ஃபிட்டிங் ஒன்றை வாங்கிவந்தோம். டியூபும் வாங்கினோம்தான். ஃபிட்டிங் தகரம், அதனால் விமானத்தில் பிழைத்தது. டியூப் பிழைக்கவில்லை. முதல் முறை மடியில் வைத்துக் கொண்டுவந்த இயக்குநருக்கு இப்போதெல்லாம் முழங்கால் வலி.

வாங்கிவந்த ஃபிட்டிங்குகளை எல்லாம் கண் பரிசோதனை அறையிலேயே வரிசையாக மாட்டினோம். பெரிய நாட்டு ஃபிட்டிங்குக்கு மட்டும் நம் மின்சாரத்தைக் கொடுத்துப் பார்த்தோம். பாதி மின்சாரத்துக்கு வாழ்க்கைப்பட்ட அதன் சோக் முழு மின்சாரத்தைக் கண்டதும் ஒரு புகை விட்டு அடங்கிவிட்டது. அறையின் கூரையைப் பார்த்தால் உலகமே ஒன்றுகூடியிருப்பதைப் பார்க்கலாம். டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும்.

இதற்காகக் கண் பரிசோதனை நின்றுவிட்டதா? அதுதான் இல்லை. குறிப்பிட்ட வயதைத் தாண்டிய டிரைவர்களுக்குக் கண் பார்த்துச் சான்றிதழ் கொடுக்காவிட்டால் அவர்கள் வண்டி எடுக்க முடியாது. டிரைவர்கள் வந்தார்கள். டாக்டர் இருட்டில் உட்கார்ந்து பரிசோதித்தார். அவருக்கும் சுவர் தெரியாது என்றாலும் எழுத்துகள் எல்லாம் மனப்பாடம். டிரைவர் சொல்வதும் தன் மனப்பாடமும் ஒத்துப்போனால் 'பார்வை நன்று'. ஒத்துப்போகாவிட்டால் 'பார்வைக் குறைவு'. பார்வைக் குறைவு உள்ளவர்கள் திடீரென்று பெருகினார்கள். ஒரு தலைமுறையின் கண்ணே இப்படி ஒட்டுமொத்தமாகக் கெட்டுப்போகிறதே என்று இயக்குநர் வருந்தினார். அதற்கும் ஒரு குழு போடலாமா என்று யோசித்தார்.

இந்த நேரம் பார்த்து என் மச்சானுக்குப் பரிசோதனை வந்தது.

மச்சான் என் மனைவியின் அண்ணன். கழகத்தில் டிரைவர். அவர் வண்டியில் ஏறுகிற கிழவர்கள், அவர் ஓட்டினால் நின்றுகொண்டே தூங்கலாம் என்பார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு நாய்க்குட்டியின் வாலைக்கூட மிதித்ததில்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் வருகிற சைக்கிளை அதன் நிழலை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். அப்படிப்பட்டவர் உலகத் தர அறைக்குள் நுழைந்தார். கதவைச் சாத்தினார்கள்.

"முதல் வரியைப் படிங்க" என்றார் டாக்டர்.

"எங்க சார் இருக்கு?"

"எதிர்ச் சுவத்துல."

"எதிர்ச் சுவரு எங்க சார் இருக்கு?"

டாக்டர் மேசையைத் தடவிப் பேனாவை எடுத்தார். மற்றவர்களாவது குத்துமதிப்பாக 'க' என்றோ 'ப' என்றோ சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். 'சுவரே தெரியவில்லை' என்று பதிவான முதல் டிரைவர் என் மச்சான்தான்.

அன்றைக்கே அவரை ஸ்டீயரிங்கிலிருந்து இறக்கிவிட்டார்கள். மறுபரிசோதனை ஒன்று உண்டு. அதிலும் தேறாவிட்டால் நிரந்தரமாக இறக்கிவிடுவார்கள். அதுவரை அவருக்கு மாற்று வேலை வேண்டும். பணிமனையில் பேருந்துகளைப் பின்னால் எடுக்கும்போது, வண்டிக்குப் பின்னே நின்று "வரட்டும், வரட்டும், ஒடிச்சு வா, நில்லு" என்று வழி சொல்ல ஆள் இல்லை. பார்வைக் குறைவு உள்ளவர் ஓட்டத்தான் கூடாது, நிற்கலாம் என்று சட்ட அதிகாரி விதியைப் புரட்டிச் சொன்னார். ஆக, கண் தெரியாதவர் என்று நாங்கள் முடிவுகட்டிய மனிதர், கண் தெரிந்தவர்களுக்கு வழி சொல்லும் வேலையில் அமர்த்தப்பட்டார். கழகத்தின் கருணைக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

என் வீட்டில்தான் அந்தக் கருணை எடுபடவில்லை.

"எங்கண்ணன் கண்ணுக்கு என்னங்க குறைச்சல்?" என்றாள் மனைவி.

"சுவர் தெரியலைன்னு பதிவாயிருக்கு."

"லைட்டைப் போட்டாத் தெரியும்ல."

"அதைத்தான் ஆராய்ஞ்சுட்டு இருக்கோம். நீ நினைக்கிற மாதிரி லேசுப்பட்ட விஷயம் இல்ல. நாட்டுக்கு நாடு பின் இடைவெளி மாறுது."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு எழுந்து போய், நான் உட்கார்ந்திருந்த அறையின் விளக்கை அணைத்துவிட்டு அடுக்களைக்குள் போனாள். சாப்பாட்டை அங்கிருந்தே, இருட்டுக்குள், தரையோடு தள்ளிவிட்டாள்.

அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. மச்சான் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. சாயங்காலம் பணிமனையில் அவரைப் பார்க்கப் போவேன். வண்டிகள் எல்லாம் ஒதுங்கிய பிறகும் அவர் கை தானாக வளைந்து வளைந்து திரும்பிக்கொண்டிருக்கும்.

"ஸ்டீயரிங் புடிச்ச கை மாப்ள. இப்பக் காத்தைப் புடிச்சுத் திருப்பிட்டு நிக்குது" என்பார்.

மற்ற டிரைவர்கள் இதற்குள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். பணிமனைக்கு எதிரே டீக்கடையின் பின்கட்டில், ஓய்வுபெற்ற ஒரு கண்டக்டர் 'கண் டியூஷன்' ஆரம்பித்திருந்தார். சுவரில் இருக்கிற எழுத்துகளை வரிசை மாறாமல் சொல்லிக்கொடுப்பார். மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை. டியூஷன் படித்தவர்கள் எல்லோரும் தேறினார்கள். அதிலும் ஒருவர் தேறிய அழகு இருக்கிறதே, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

அவரைப் பாட்டுக்காரர் என்போம். எதையும் ராகம் போட்டுத்தான் சொல்வார். இரண்டு கண்ணிலும் புரை. பால் விட்ட டீக்கும் விடாத டீக்கும் வித்தியாசம் தெரியாமல் குடித்துவிட்டுத்தான் கேட்பார். அவர் இருட்டு அறையில் நின்று முதல் எழுத்திலிருந்து கடைசிப் பொடி எழுத்துவரை மூச்சு விடாமல் பாடினார். கடைசியில், சுவர் மூலையில் பெயின்டர் எழுதியிருந்த தன் பெயரையும் விலாசத்தையும் சேர்த்துப் பாடினார். டாக்டருக்கே அது அதுவரை தெரியாது. டார்ச் அடித்துப் பார்த்தார். இருந்தது.

"கழகத்திலேயே இப்படி ஒரு கண் கிடையாது" என்று டாக்டர் சான்றிதழ் கொடுத்தார். செய்தி இயக்குநர் காதுக்குப் போனது. தன் சொந்த வண்டிக்கு இப்படிப்பட்ட கண் உள்ளவர்தான் வேண்டும் என்று பாட்டுக்காரரைத் தன் டிரைவராக வைத்துக்கொண்டார்.

நான் மச்சானிடம் போனேன். "மச்சான், நீங்களும் ஒரு வாரம் டியூஷன் போயிடுங்க. நாலு வரி. பாட்டுக்காரரே பாஸாயிட்டார்."

"எனக்கும் அந்த நாலு வரி தெரியும் மாப்ள. டீ குடிக்கப் போறப்ப எல்லாம் காதுல விழுது."

"அப்புறம் என்ன? போய்ச் சொல்லிட்டு வந்துடுங்க."

அவர் என்னைப் பார்க்காமல், முற்றத்தில் நின்ற வண்டியைப் பார்த்தபடி சொன்னார்: "எனக்கு ஒரு பழக்கம் இருக்கு. முன்னாடி என்ன இருக்குன்னு தெரியலைன்னா பிரேக்ல கால் வைப்பேன். தெரியாததைத் தெரியுதுன்னு நினைச்சு ஒரு நாளும் வண்டியை விட்டதில்ல. பின்னாடி அத்தனை பேர் தூங்கிட்டு வர்றான். இப்பப் போய் அந்த இருட்டுல நின்னு தெரியுது தெரியுதுன்னு சொன்னேன்னா, நாளைக்கு ரோட்டுலயும் சொல்ல ஆரம்பிச்சுடுவேன்."

இப்படிப்பட்டவர்களால்தான் நிர்வாகம் நடத்துவது கஷ்டமாகிவிடுகிறது. அவர் சொன்னதை வீடுவரை மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டே போனேன். அதைக் குழுவில் சொல்லவில்லை.

மச்சானே குழுவின் முன் வந்து நின்றார். கையில் ஒரு நாலடி ஃபிட்டிங், டியூப், கொஞ்சம் வயர்.

"ஐயா, இது என் வீட்டு லைட்டு. நீங்க எதையும் கழட்ட வேணாம். ஓரமா ஒரு ஆணியில தொங்கவிட்டுக்கிறேன். பரீட்சை முடிஞ்சதும் எடுத்துட்டுப் போயிடறேன்."

குழு இதை மிகுந்த கவனத்தோடு பரிசீலித்தது.

"தனியார் வெளிச்சம்" என்றார் சட்ட அதிகாரி. "தனியார் வெளிச்சத்தில படிக்கப்பட்ட எழுத்து செல்லாது. நாளைக்கு ஒருத்தன் தன் வீட்டுக் கண்ணைக் கொண்டாந்து படிக்கிறேம்பான்."

"என் வீட்டுக் கண்ணுலதான் சார் எல்லாரும் படிக்கிறோம்" என்றார் மச்சான்.

"இது உள்ளூர் டியூப்தானே?" என்று இயக்குநர் அருவருப்போடு கேட்டார். "உலகத் தர அறைக்குள்ள நாலடி விளக்கை எரியவிட்டா, வெளிநாட்டுக்காரன் வந்து பார்த்தா என்ன நினைப்பான்?"

"நம்ம சுவரு தெரியுதேன்னு நினைப்பான் சார்."

கணக்கு அதிகாரி சமாதானமாக ஒரு யோசனை சொன்னார். ஐந்தடி ஃபிட்டிங்கில் ஒரு நாலடி டியூபை மாட்டி, மிச்சம் இருக்கிற ஓர் அடியைக் குழு ஒப்புதலோடு காலியாக விட்டுவிட்டால் என்ன? எரியுமா என்று டாக்டர் கேட்டார். எரிவது அடுத்த கட்டம், முதலில் பொருந்தட்டும் என்றார் கணக்கு அதிகாரி. இதன்மேல் சாயங்காலம்வரை விவாதம் நடந்தது. மச்சான் தன் விளக்கைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார். அவருடைய மறுபரிசோதனைக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்குள் உரிய டியூபை வரவழைத்துவிடுவோம் என்று குழு அவருக்கு வாக்குக் கொடுத்தது.

வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுகிறவர்கள் நாங்கள். குளிர் நாட்டுக்கு எழுதி, கப்பலில் ஒரே ஒரு ஐந்தடி டியூபை வரவழைத்தோம். மரப்பெட்டிக்குள் வைக்கோல், வைக்கோலுக்குள் அட்டை, அட்டைக்குள் டியூப். பரிசோதனை நாளன்று காலையில் குழு முழுவதும் துறைமுகத்துக்கே போய் அதை வரவேற்றது. வண்டியின் கூரையில் பெட்டியைக் கட்டினோம். இயக்குநர் முன் சீட்டில். நாங்கள் பின்னால். ஸ்டீயரிங்கில் கழகத்தின் தலைசிறந்த கண்.

"பாத்துப் போய்யா. மேல இருக்கிறது கண்ணாடி" என்றார் இயக்குநர்.

"கவலையே வேணாம் சார்" என்று பாட்டுக்காரர் ராகமாகச் சொன்னார்.

வழியெல்லாம் எங்களை அவர் எப்படிக் கொண்டுவந்தார் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பழகிய சாலை, பழகிய சத்தம், எதிரே வருகிறவர்களின் உயிர்ப்பயம் எல்லாம் சேர்ந்து கொண்டுவந்திருக்க வேண்டும். பணிமனை முற்றத்துக்குள் நுழைந்தோம். பட்டப்பகல். கண் பரிசோதனை அறையின் வாசலில் மச்சான் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு நின்றார். அறைக்குள் டாக்டருக்குப் பதிலாக வந்திருந்த உதவி டாக்டர், இருட்டில், ஜன்னலை அடைத்த சுவரோரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

வண்டி நேராகப் போனது. வளைய வேண்டிய இடத்திலும் நேராகவே போனது.

"நில்லு, நில்லு, நில்லு" என்று மச்சான் குரல் கேட்டது. அந்தக் குரலுக்குப் பழகிய பாட்டுக்காரர் பிரேக்கில் காலை வைத்துவிட்டார். அது இல்லாவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். மச்சான் அதற்குள் அறைக்குள் பாய்ந்து உதவி டாக்டரை நாற்காலியோடு இழுத்துப் போட்டார். பாதி வேகத்தில் வந்த வண்டி சுவரில் முட்டியது. சரியாக ஜன்னல் இருந்த இடம். நாங்கள் அடைத்த செங்கல் மொத்தமாக உள்ளே சரிந்தது. கூரையிலிருந்த பெட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு முன்னே பாய்ந்து, ஜன்னல் வழியாக அறைக்குள் போய், குளிர் நாட்டு ஃபிட்டிங்குக்கு நேர் கீழே விழுந்து நொறுங்கியது. 'குழல்விளக்கு உரிய அறையைச் சென்றடைந்தது' என்று நான் பின்னால் எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

எங்களில் யாருக்கும் பெரிய அடி இல்லை. தூசி அடங்கியபோது, உடைந்த ஜன்னல் வழியாக வெயில் உள்ளே வந்து எதிர்ச் சுவர் முழுக்கப் பளிச்சென்று விழுந்தது. அந்த அறையில் அத்தனை வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. மச்சான் சட்டையிலிருந்து செங்கல்பொடியைத் தட்டிவிட்டு, படிக்கிறவர் நிற்பதற்குக் கோடு போட்டிருந்த இடத்தில் போய் நின்றார்.

"படிக்கட்டுங்களா?" என்றார்.

கேட்டுவிட்டு அவரே படித்தார். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக, கடைசி வரிவரை. டியூஷனில் சொல்லிக்கொடுத்ததில் மூன்றாவது வரியில் ஓர் எழுத்து தப்பு என்பதும் அப்போதுதான் தெரிந்தது. 'பார்வை நன்று' வாங்கிய அத்தனை பேரும் அந்தத் தப்பையும் சேர்த்தே படித்திருந்தார்கள். டாக்டரின் மனப்பாடமும் அப்படியே.

நான் சந்தோஷத்தில் மச்சானைக் கட்டிக்கொள்ளப் போனேன். இயக்குநரின் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டேன்.

விசாரணையைக் குழுவே நடத்தியது. விபத்தின்போது வண்டியில் இருந்தவர்களைவிட விவரம் தெரிந்தவர்கள் வேறு யார்?

"சுவர் இருந்தது உனக்குத் தெரியலையா?" என்று சட்ட அதிகாரி பாட்டுக்காரரிடம் கேட்டார்.

"தெரியலை சார்."

"உன் பார்வைச் சான்றிதழ்?"

பாட்டுக்காரர் நீட்டினார். கழகத்திலேயே சிறந்த கண். அப்படிப்பட்ட கண்ணுக்கே தெரியவில்லை என்றால் குறை கண்ணில் இருக்க முடியாது. சுவர் போதிய அளவு தெரியும்படி நிற்கவில்லை என்று முடிவானது.

அடுத்து மச்சான்.

"வண்டி வர்றதைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். அதனாலதான் கத்தினேன்."

"உங்க சான்றிதழ்?"

"இல்லைங்க."

"அப்பப் பார்க்கலை" என்றார் சட்ட அதிகாரி.

"எழுத்தெல்லாம் படிச்சேனுங்களே. நீங்க எல்லாரும் நின்னுட்டுத்தானே இருந்தீங்க."

டாக்டர் தொண்டையைச் செருமினார். "மூணாவது வரியில ஒரு எழுத்து ஒத்துவரலை. அது கிடக்கட்டும். எந்த வெளிச்சத்தில படிச்சீங்க?"

"வெயில்ல."

வெயில் எந்த நாட்டு ஃபிட்டிங்கிலும் சேராதது, அதன் நீளமும் பின் இடைவெளியும் குழுவால் ஆராயப்படாதது. ஆகவே அந்த வெளிச்சத்தில் படித்தது செல்லாது. மச்சான் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். கடைசியில் அவர் பார்வை என்மேல் நின்றது. நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். செயலாளருக்கு எழுதுகிற வேலை எப்போதும் இருக்கும்.

அவர் நிரந்தரமாக ஸ்டீயரிங்கிலிருந்து இறக்கப்பட்டார். வண்டிக்குப் பின்னால் நிற்கிற வேலை நிரந்தரமாக்கப்பட்டது. என் மனைவி இப்போது என்னோடு பேசுவதில்லை. விளக்கை அணைப்பதோடு சரி. ஜன்னல் இருந்த இடத்தில் இரட்டைச் செங்கல் வைத்து அடைத்தாகிவிட்டது. ஐந்தடி ஃபிட்டிங்குக்கு ஒரு கீறலும் இல்லை. அதற்கு டியூப் தேடி, குழு போன வாரம் மறுபடி புறப்பட்டது.

பணிமனையிலிருந்துதான் கிளம்பினோம். வண்டியில் உட்கார்ந்து நெடுநேரமாகியும் பாட்டுக்காரர் எஞ்சினைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தார். பின்னால் யாரோ நடந்து வருகிற சத்தம். பிறகு அந்தக் குரல். "வரட்டும், வரட்டும். இடது பக்கம் ஒடி. இன்னும். வரட்டும்."

வண்டி மெல்லப் பின்னால் நகர்ந்தது.

"விமானத்துக்கு நேரமாகுது. யாருய்யா அது பின்னால நின்னு கத்துறது?" என்றார் இயக்குநர்.

"கண்ணு தெரியாதவருங்க" என்றார் பாட்டுக்காரர், முதல் முறையாக ராகம் இல்லாமல். "அவரு சொல்லாம நான் வண்டியை எடுக்கிறதில்லைங்க."

இயக்குநர் திருப்தியோடு தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். சான்றிதழ் பெற்ற கண்ணை நம்பி நாங்கள் அனைவரும் அப்படியே செய்தோம்.